மூன்றாம் மாடி அக்காவின் பியர்

மூன்றாம் மாடி அக்கா தன் வாழ்நாளில் ஒரு வாய் பியர் குடித்தவர் இல்லை. ஆனால் சுவிஸின் வில் நகரில் நான் இருந்த நான்கு வருடங்களில், நான் வடித்த பியருக்கு என்ன நோய் என்று பிழையில்லாமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். இணையத்தில் இதற்கென்றே உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு காரணம் சொல்லி, போகிற போக்கில் ஒரு புதுக் கருவியையும் வாங்கச் சொல்வார்கள். அக்கா எதையும் வாங்கச் சொன்னதில்லை. எதையாவது குறைக்கச் சொல்வார்.

அவரை நான் சந்தித்ததே ஒரு வெடிச்சத்தத்தில்தான். கோயம்புத்தூரிலிருந்து வேலை அனுமதியில் வந்து சேர்ந்த முதல் வருடம் அது. மனைவிக்கு இன்னும் விசா வரவில்லை. சனிக்கிழமையைச் சமாளித்துவிடலாம். சுவிஸில் ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகக் கழிக்கத் தனி மனவலிமை வேண்டும். கடை திறக்காது, துணி துவைக்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சத்தம் வராத பொழுதுபோக்காகத் தேடித் தேடி, பியர் வடிப்பதில் வந்து நின்றேன். வாளிக்குள் ஈஸ்ட் வேலை செய்வதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை.

வாளியையும் பாட்டில்களையும் கட்டடத்துக்கு அடியில் இருந்த பதுங்கறையில் வைத்திருந்தேன். இங்கே பல அடுக்குமாடி வீடுகளின் கீழே, போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்கென்று ஒரு கான்கிரீட் அறை கட்டி, ஒரு சாண் தடிமனில் கதவும் போட்டிருப்பார்கள். போர் வராததால் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளும் உருளைக்கிழங்கும் இருக்கும். கோடையானாலும் குளிரானாலும் உள்ளே ஒரே வெப்பம் என்பதால் பியருக்கு மிகவும் ஏற்ற இடம். பாட்டிலில் அடைக்கும்போது, நுரை வருவதற்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கும்படி புத்தகத்தில் போட்டிருந்தது. கிராம் கணக்கில் நிறுக்க என்னிடம் தராசு இல்லை. அம்மா கொடுத்தனுப்பிய கருப்பட்டி இருந்தது. எந்தச் சர்க்கரையாக இருந்தால் என்ன என்று, பாட்டிலுக்குச் சுண்டுவிரல் நுனியளவு உடைத்துப் போட்டேன். வேலைக்குப் போனால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை பிடிக்கிற பொறியாளன் நான். வீட்டில் எல்லாம் கைக்கணக்குதான்.

மூன்றாவது ஞாயிறு காலையில் முதல் பாட்டில் வெடித்தது. நான் படியிறங்கி ஓடுவதற்குள் இன்னும் இரண்டு. சுவிஸ்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் இறங்கி வர மாட்டார்கள், நிதானமாகப் புகார்க் கடிதம் எழுதுவார்கள். பதுங்கறை வாசலில், வீட்டு உடுப்புக்கு மேல் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு ஐம்பது வயதுப் பெண் ஒருவர் நின்றிருந்தார். காதைக் கதவில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள போகாதேங்கோ தம்பி. இன்னும் ரெண்டு மூண்டு வெடிக்கும்," என்றார்.

இரண்டு வெடித்தன. பிறகு கைகளில் தோட்டத்துத் தோல் கையுறையை மாட்டி, மிச்சமிருந்த பாட்டில்கள் மீது தடித்த துவாலையைப் போர்த்து, ஒவ்வொன்றின் மூடியையும் மெல்லத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். குண்டுச்சத்தத்தில் வளர்ந்தவருக்கு இது ஒரு பொருட்டாகவே இல்லை. ஊரில் பங்கருக்குள் தாங்கள் இருக்க வெளியே வெடித்தது, இங்கே நாங்கள் வெளியே நிற்கப் பங்கருக்குள் வெடிக்கிறது என்று மட்டும் சொன்னார். என்ன சர்க்கரை, எவ்வளவு என்று கேட்டதற்குக் கருப்பட்டி என்று சொல்லி விரலைக் காட்டினேன். அவர் என் விரலையும் என் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைக் குறைக்கச் சொன்னார். உடைந்த கண்ணாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக் குப்பைத் தொட்டியில் போட முடியாது, சத்தத்துக்குத் தடை. அதனால் திங்கட்கிழமை வரை அது ஒரு அட்டைப்பெட்டியில், நிலவறையில் அவர் வீட்டுக்கென்று ஒதுக்கிய தடுப்புக்குள் இருந்தது. எதிர்பார்த்தபடியே கடிதமும் வந்தது.

அந்தப் பெட்டியை வைக்கப் போனபோதுதான் அவருடைய தடுப்புக்குள் இருந்ததைப் பார்த்தேன். இரண்டு வெள்ளை வாளிகள், வரிசை வரிசையாகக் கம்பி மூடி போட்ட பாட்டில்கள். எல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான்கள் மாதிரி பளிச்சென்று இருந்தன. யாருக்கு என்று கேட்டேன். "இவருக்கு," என்றார்.

'இவர்' என்பது அவர் கணவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். காய்கறி மொத்த வியாபாரி ஒருவரிடம் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பெரிய குரல், பெரிய சிரிப்பு. முன்பு ஒருதரம் குடித்துவிட்டுக் காரோட்டிப் பிடிபட்டு, பல மாதம் லைசென்ஸ் இல்லாமல் கிடங்கில் பெட்டி தூக்கினார். இன்னொரு தடவை பிடிபட்டால் வீட்டோடு இருந்துவிடு என்று முதலாளி சொல்லிவிட்டார். ஐம்பத்தைந்து வயதில், லாரி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாதவருக்கு அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? அக்கா அப்போது ஒரு நிபந்தனை போட்டார். குடிக்கலாம், ஆனால் வீட்டில் மட்டும், நான் செய்து தருவதை மட்டும். அண்ணன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். நாக்கிலேயே வைத்தறியாத மனுசி பியர் செய்து கிழித்தாள் என்று நினைத்திருப்பார். அக்காவுக்குப் பால் தொழிற்சாலையில் தொட்டி கழுவும் வேலை என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பியர் வடிப்பதில் முக்கால்வாசி கழுவுவதுதான். ஒரே வருடத்தில் அண்ணன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அக்காவின் பியரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துணி துவைக்கும் நாள் ஒதுக்கியிருந்தார்கள். அன்று துணி இயந்திரம் இருந்த கீழறையும் வெந்நீரும் பெரிய தொட்டியும் அந்த வீட்டுக்குச் சொந்தம். அக்கா அன்றுதான் பியர் வடிப்பார். ஒரு பக்கம் இயந்திரத்தில் அண்ணனின் வேலைச் சட்டைகள் சுற்றும். இன்னொரு பக்கம் பழம் பதப்படுத்துகிற பெரிய மின்பானையில், முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட் ஊறும். அண்ணனின் சட்டைகளில் எப்போதும் மால்ட் வாசனை லேசாக இருக்கும். அது சட்டைதானா, ஆளா என்று அவருடைய முதலாளி சந்தேகப்பட்டிருக்கலாம்.

என் பாட்டில்களை அவரிடம் கொண்டுபோவேன். முதலில் திறக்கிற சத்தத்தைக் கேட்பார். பிறகு கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடைசியில் மூக்கு. வாயில் வைக்க மாட்டார். வெண்ணெய் மணந்தால் நான் அவசரப்பட்டு ஈஸ்டிலிருந்து பிரித்துவிட்டேன், இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் ஈஸ்டே அதைத் தின்று தீர்த்திருக்கும். ஈர அட்டைப்பெட்டி மணந்தால் நான் சளசளவென்று ஊற்றிக் காற்றைக் கலந்துவிட்டேன், குழாயை அடிவரை விட்டு ஊற்ற வேண்டும். நகப்பூச்சு மணந்தால் சூட்டில் வைத்துவிட்டேன். ஒருதரம் புளித்தது. மூன்று தடவை கழுவினேன் என்று சத்தியம் செய்தேன். அக்கா என் வாளியின் அடிக்குழாயைத் திருகிக் கழற்றி, மரைக்குள் ஒட்டியிருந்த பழுப்புப் பசையைச் சுண்டுவிரலில் எடுத்துக் காட்டினார்.

"இதையும் மூண்டு தரம் கழுவினனீங்களோ?"

அந்தக் குழாயைக் கழற்ற முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இயந்திர வடிவமைப்பில் எனக்கு முதுகலைப் பட்டம் இருப்பதை அக்காவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

எதற்கும் அவரிடம் இருந்த மருந்து ஒன்றுதான். கொஞ்சம் குறைப்பம். நுரை பொங்கினால் சர்க்கரையைக் குறை, கசந்தால் ஹாப்ஸ் பூவைக் குறை, சூட்டைக் குறை, அவசரத்தைக் குறை. பியரோடு நிற்கவில்லை. அண்ணன் சத்தமாக வைத்திருக்கும் டிவியைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரே ஒரு புள்ளி குறைத்துவிட்டுப் போவார். அடுத்த அரைமணியில் அது கிசுகிசுக்கும், அண்ணன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு பார்ப்பார். ஊரிலிருந்த மனைவியோடு நான் போனில் சண்டை போடுவது மூன்றாம் மாடி வரை கேட்டிருக்கிறது. நாளுக்கு இரண்டு மணி நேரம் கதைத்தால் சண்டை வரத்தானே செய்யும், நேரத்தைக் குறையுங்கோ என்றார். குறைத்தேன். சண்டை குறைந்தது. அண்ணன் ஒருநாள் தேநீரில் இனிப்புக் கூடிவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்தத் தேநீரில் ஒரு வருடமாகச் சர்க்கரையே இல்லை என்று அக்கா எனக்குப் பிறகு சொன்னார். அன்று எனக்கு அது சிரிப்பாக மட்டும்தான் இருந்தது.

அவர் சொன்னபடி செய்யச் செய்ய என் பியர் தேறியது. நிறம் தெளிந்தது, நுரை நின்றது, வாசனை வந்தது. மால்ட்டை ஊறவைக்கும் தண்ணீரை இன்னும் சூடாக வைக்கச் சொன்னார், குடிக்கக் கனமாக இருக்கும் என்றார். இருந்தது. மால்ட்டை ஒரு பிடி குறைக்கச் சொன்னார், குறைத்தேன். ஒரே ஒரு விசித்திரம், நான்கு பாட்டில் குடித்துவிட்டு உட்கார்ந்து அலுவலகக் கணக்கை ஒரு பிழையில்லாமல் முடிக்க முடிந்தது. சுவிஸ் காற்று எனக்கு ஒத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு கண்ணாடி மிதவை வாங்கினேன். ஈஸ்ட் போடும் முன்பு ஒருமுறை, வேலை முடிந்த பின்பு ஒருமுறை அதை மிதக்கவிட்டால், எவ்வளவு சர்க்கரை சாராயமாக மாறியது என்று கணக்குப் போட்டுவிடலாம். என் பியரில் கடைப் பியரின் பாதிகூட இல்லை. கருவிதான் பழுது என்று நினைத்து, சரிபார்ப்பதற்காக அக்காவின் வாளியில் அவருக்குத் தெரியாமல் இரண்டு தடவையும் மிதக்கவிட்டேன். அதில் என்னுடையதிலும் பாதிதான் இருந்தது.

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லையே," என்றேன். கீழறையில் எங்களைத் தவிர யாருமில்லை. துணி இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மெதுவாக் கதையுங்கோ," என்றார். பிறகு துணி மடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "ஒவ்வொரு முறையும் ஒரு பிடி குறைச்சுக்கொண்டு வந்தனான். ஒரேயடியாக் குறைச்சால் பிடிச்சிடுவார். இவருக்கு வேண்டியது போத்தல் திறக்கிற சத்தம், நுரை, கொஞ்சம் கைப்பு. அதெல்லாம் குடுக்கிறன்தானே."

"சரி. என்னோடதுல ஏன் குறைச்சீங்க?"

"நீங்கள் தனிய இருக்கிற பிள்ளை."

கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் என் பியரில் கைவைக்க இவர் யார் என்று நினைத்தேன். அடுத்த நொடி வேறொன்று உறைத்தது. அந்த நாட்டில் நான் எவ்வளவு குடிக்கிறேன் என்று கவலைப்பட ஒரு ஜீவன் இருந்திருக்கிறது, அதுவும் மாதக்கணக்கில், ஒரு பிடி ஒரு பிடியாக.

அன்றே அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அவருக்கு அப்போது ஒரு சிக்கல் இருந்தது. பியர் தண்ணீர் மாதிரி இருப்பதாக அண்ணன் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாம் தடவை சொன்னால் ரெஸ்டாரண்டுக்குப் போய்விடுவார், அங்கிருந்து காரில்தான் திரும்புவார். உலகத்தில் பியர் வடிக்கிற எல்லாரும் அதில் இன்னும் கொஞ்சம் எப்படி ஏற்றுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அது இருப்பதுபோல் எப்படிக் காட்டுவது என்று உட்கார்ந்து யோசித்தோம். ஓட்ஸ் சேர்த்தோம், கனம் வந்தது. ஊறவைக்கும் சூட்டை இன்னும் ஏற்றினோம், அந்தச் சூட்டில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரைதான் மிகும். மால்ட் சர்க்கரையைத் தின்னவே தெரியாத ஒரு சோம்பேறி ஈஸ்ட் கடையில் இருப்பதைக் கண்டுபிடித்து வாங்கி வந்தேன். அதன் குணத்தை நான் விளக்கியபோது அக்கா முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சாராயம் இல்லாத பியர் சீக்கிரம் கெடும், கழுவுவதில் துளி பிசகக் கூடாது. அது அவர் பொறுப்பு. கடைசியில் அண்ணனின் பியரில், பழுத்த வாழைப்பழத்தில் இருக்கிற அளவுதான் மிச்சமிருந்தது. என் தொழிலில் நான் செய்த எந்த இயந்திரமும் எனக்கு அவ்வளவு பெருமையைத் தந்ததில்லை.

அண்ணன் அதைக் குடித்துவிட்டு, முந்தியதைவிட இதுதான் திறம் என்றார்.

சனிக்கிழமைகளில் எட்டுப் பாட்டில் குடிப்பார். குடித்துவிட்டு நேராக நடப்பார், சீட்டில் ஜெயிப்பார், மறுநாள் தலைவலி இல்லாமல் எழுந்திருப்பார். நாளாக நாளாக அவருக்கு இதில் ஒரு மிதப்பு வந்தது. எட்டுப் போத்தலும் தன்னை ஒன்றும் செய்யாது என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் வியந்தார்கள். அக்கா பாத்திரம் கழுவுவார். நானும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பெருமை எங்கே கொண்டுபோய்விடும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எல்லாவற்றையும் அளந்த நாங்கள் அதை மட்டும் அளக்கவில்லை.

அண்ணனின் உறவுக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். திரிம்பாக் ஊர்க் கோயிலில் தாலிகட்டு, பக்கத்தில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. வருடக்கணக்காகப் பார்க்காத சொந்தங்கள் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைப் பியர். அவர் மறுக்கவில்லை, கலியாண வீட்டில் எப்படி மறுப்பது? ஒன்றிலேயே தன் புகழை ஆரம்பித்தார், ஐந்தில் நிரூபித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பியர் பிடிக்கவில்லை. அக்கா என் நாக்கைக் கெடுத்து வைத்திருந்தார், அதனால் பழரசத்தோடு நின்றேன்.

மதியம் மூன்று மணிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அண்ணன் சாவியை எடுத்தார். முகம் சிவந்து, காருக்குப் பக்கத்தில் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"எட்டுக்கே ஒண்டும் செய்யாது தம்பி. இது ஐஞ்சு."

அக்கா வேண்டாம் என்றார். நீர் சும்மா இரும் என்றார் அண்ணன். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர், எட்டடிக்கிற சிங்கம் இவர் என்றார். அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். வில்லுக்கு ஒன்றரை மணி நேர நெடுஞ்சாலை. அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை. பதுங்கறை வாசலில்கூட இல்லை. பேசாமலிருந்தால் அண்ணன் ஓட்டுவார். பேசினால் அத்தனை வருட வேலையும் அந்த இடத்திலேயே முடிந்துவிடும், அதுவும் சொந்தக்காரர்கள் முன்னால்.

அக்கா போய்க் காரின் கதவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"இஞ்சேருங்கோ. வீட்டில நீங்கள் குடிக்கிற எட்டையும் சேர்த்தாலும், இண்டைக்கு இஞ்ச குடிச்சதில ஒரு போத்தலுக்குக் காணாது. நான் அதில வெறிக்க ஒண்டும் விடுறேல்லை. சாவியைத் தாங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதிலேயே அவருக்கு மிச்சமும் புரிந்திருக்கும். சாவியை அக்காவிடம் தரவில்லை, என்னிடமும் தரவில்லை. காரின் கூரையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

நான் ஓட்டினேன். சூரிச் தாண்டும் வரை கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். அவ்வளவு அவமானப்பட்ட ஒரு மனிதரை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நான் அதற்கு முன் எங்கும் போனதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஓட்ஸ் யோசனை என்னுடையது, சோம்பேறி ஈஸ்ட் என்னுடையது. வின்டர்தூர் ஊரின் பலகை வந்தபோது அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நான் ஒழுங்காக் குடிச்சு எத்தினை வருசம்?"

"மூண்டு இருக்கும்," என்றார் அக்கா, திரும்பாமல்.

வீடு வந்ததும் அண்ணன் நேரே படியேறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. வேலையிலிருந்து வந்து ஜன்னலருகே உட்கார்ந்திருப்பாராம். இனி வெளியே போய்க் குடிப்பார், நாங்கள்தான் அவரைத் துரத்திவிட்டோம் என்று நான் தினமும் பயந்தேன். சாயங்காலம் அவர்கள் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறதா என்று என் பால்கனியிலிருந்து பார்ப்பேன். நின்றது. அடுத்த துணி துவைக்கும் நாளில் அக்கா துணி மட்டும் துவைத்தார்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் தம்பிமுறைக்காரர் ஒருவரும் வந்திருந்தார், கையில் பியர்ப் பெட்டியோடு. அண்ணன் அதைக் கையால் ஒதுக்கினார்.

"நான் விட்டு மூண்டு வருசம்," என்றார். "கஷ்டம்தான். ஆனால் மனசை இறுக்கிப் பிடிச்சால் ஏலாதது ஒண்டும் இல்லை."

கலியாண வீட்டில் குடித்தீர்களே என்று வந்தவர் கேட்டார். அது தன்னைத் தானே சோதித்துப் பார்த்தது என்றார் அண்ணன். திரும்பவும் ஆசை வருகிறதா என்று பார்த்தாராம், வரவில்லையாம். வந்தவர் பெட்டியைக் காலடியில் மறைத்துக்கொண்டார். அடுத்த சில மாதங்களில் அண்ணன் இந்த விஷயத்தில் ஒரு பெரிய மனிதராகிவிட்டார். குடிக்கிற கணவன்மாரைப் பெண்டாட்டிகள் அவரிடம் கூட்டி வந்தார்கள். எப்படி விட்டீர்கள் என்று கேட்பார்கள், அவர் மனவுறுதியைப் பற்றி அரைமணி நேரம் விளக்குவார். அவர் சொன்ன கதையில் வாளி இல்லை, மால்ட் இல்லை, மூன்று வருடம் துணி அறையில் நின்று கால் வீங்கிய பெண் இல்லை. நான் சேர்த்த ஓட்ஸ்கூட இல்லை.

நொஷாட்டல் நகரில் எனக்கு வேறு வேலை கிடைத்து, அதற்குள் விசா கிடைத்து வந்திருந்த மனைவியோடு வீடு மாறுவதற்கு முந்தைய நாள் சொல்லிக்கொண்டு போக அக்காவிடம் போனேன். உள்ளே அண்ணன் யாருக்கோ போனில் மனவுறுதியைப் போதித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, நீங்களாவது உண்மையை எல்லாரிடமும் சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கெடுத்துப்போடாதேங்கோ தம்பி. நான் எவ்வளவு காலத்துக்கு வாளியோட நிக்கிறது? இப்ப ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டார். இனி மானத்துக்காகவாவது தொடமாட்டார்."